பழைய குடோனில் ஒரு முகூர்த்தம்

உக்காருங்க, கட்டில்லயே உக்காருங்க. மாலையைக் கழட்டி ஜன்னல் கம்பியில மாட்டிக்குங்க, இல்லாட்டி பூவெல்லாம் உதுந்து தாலி கட்டறப்ப வெறும் நார்தான் மிஞ்சும். கதவை இழுத்துப் பாக்க வேண்டாமுங்க. நானும் இழுத்துப் பாத்துட்டேன், வெளியில தாழ் போட்டிருக்காங்க. ரெண்டு மாப்பிள்ளையில எவனாச்சும் கிளம்பிப் போயிட்டா வம்பாயிடும்னு உங்க சித்தப்பாவும் எங்க பெரியப்பாவும் சேர்ந்து போட்ட தாழு. மண்டபமே ரெண்டு கட்சியாக் கெடக்குது, அந்தத் தாழு விசயத்துல மட்டும் ரெண்டு வீடும் ஒத்துப் போயிட்டாங்க.

என்ற பேரு மௌலீஸ்வரனுங்க. மௌலின்னு கூப்பிடுவாங்க. நீங்க லோகநாதன், அந்தியூர்ல உரக்கடை. காலையில வாசல்ல பேனருக கட்டினப்பப் பாத்தேன். உங்க பேனர்ல நீங்க கூலிங் கிளாஸ் போட்டுட்டு நிக்கறீங்க, பக்கத்துப் பேனர்ல நான் கையைக் கட்டீட்டு நிக்கறேன். பாக்கறவங்களுக்கு ரெண்டு பேரும் எலெக்சன்ல நிக்கற மாதிரி இருக்குது. இந்த ரூமுக்குள்ள எட்டிப் பாத்து யாராச்சும் "மாப்பிள்ளை"ன்னு கூப்பிட்டா நாம ரெண்டு பேருந்தான் திரும்பறோம்.

மேனேஜர் குப்பண்ணன் மேல கோவிச்சுக்காதீங்க. பாவமுங்க அந்த மனுசன். எங்க மாமனார் ஆனி மாசமே தேங்கா பழத் தட்டோட நேர்ல வந்து மண்டபம் பேசீட்டுப் போனாராம். பொறவு ஆடியில கம்ப்யூட்டர்ல உங்க பேரு வந்துது. குப்பண்ணன் என்ன நெனச்சாரு? தட்டோட வந்தது பொண்ணு வீடு, கம்ப்யூட்டர்ல வந்தது மாப்பிள்ளை வீடு, ரெண்டும் ஒரே கல்யாணந்தான்னு அவராவே முடிவு பண்ணீட்டாரு. நேத்து சாயங்காலம் எங்க மாமனார் சனம் வந்ததும் "வாங்க பொண்ணு வீடு"ன்னு வடக்குப் பக்கத்து ரூமெல்லாம் தொறந்து விட்டாரு. உங்க சனம் வந்ததும் "வாங்க மாப்பிள்ளை வீடு"ன்னு தெக்குப் பக்கம். நீங்களும் அப்ப வரலை, நானும் வரலை, பந்தியில எல்லாரும் ஒட்டுக்கா உக்காந்து சாப்பிட்டிருக்காங்க. உங்க சித்தப்பா எங்க மாமியாரைச் "சம்பந்தியம்மா, வெக்கப்படாமச் சாப்பிடுங்க"ன்னு ரெண்டாவது வாட்டி ரசம் ஊத்தச் சொல்லி உபசரிச்சாராம்.

எங்க மாமனார் வாயைத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். ஆனா அவரு மாப்பிள்ளை வீட்டோட பேசறதில்லைன்னு வைராக்கியமுங்க. தெக்குப் பக்கம் திரும்பியே பாக்கலை. காலையில நானும் என்ற சனமும் ஒரு வேன்ல, உங்க பொண்ணு வீட்டார் இன்னொரு வேன்ல, ஒரே நேரத்துல வந்து எறங்கினோம். குப்பண்ணன் ரெண்டு வேனையும் பாத்தாரு, ஆரத்தித் தட்டைப் பாத்தாரு, அப்படியே நாற்காலியில உக்காந்துட்டாரு.

ஏன் பேசறதில்லைன்னு கேக்கறீங்களா? அங்கதான் வருது வினை.

இப்ப வெளியில ஓடற பஞ்சாயத்து ரெண்டுங்க. ஒண்ணு, யாரு பேரு கம்ப்யூட்டர்ல மொதல்ல வந்துதோ அவிய மேடை ஏறட்டும்னு குப்பண்ணன் சொல்லீட்டாரு. இன்னொண்ணு எனக்கு மட்டும். "மாப்பிள்ளை வாயால, 'நீங்க மண்டபம் பேசியிருந்தீங்க'ன்னு ஒரு வார்த்தை வரோணும். வராட்டி என்ற புள்ளை மேடை ஏறமாட்டா"ன்னு எங்க மாமனார் தூண்கிட்ட நின்னுட்டு அசையமாட்டேங்கறாரு. முகூர்த்தம் முடியறதுக்குள்ள நான் அதைச் சொல்லியாகோணும். நான் தாரணியைக் கட்டிக்கோணுமுங்க, அதுல எனக்கு ரெண்டாவது எண்ணமே கெடையாது. அந்தப் புள்ளையைப் பாத்த நாள்ல இருந்து எனக்குச் சாப்பாடு எறங்கலை. ஆனா இல்லாததை இருந்துதுன்னு எப்படிங்க சொல்றது? குப்பண்ணன் ஆயிரஞ் சொல்லட்டும், என்ற ஸ்கிரீன்ல தெரியலை. தெரியாததைத் தெரியலைன்னேன். இதுல என்னங்க தப்பு?

என்ற ஸ்கிரீனா? அதுங்க... அந்த மண்டபம் புக் பண்ற சாஃப்ட்வேர் இருக்குதில்லைங்க, ஈரோட்டுல ஒரு கம்பெனி பண்றது. அதுல சர்வரைப் பாத்துக்கறது நாந்தான். அட, எந்திரிக்காதீங்க, பட்டு வேட்டி அவுந்துடப் போகுது. உக்காருங்க. முழுசாக் கேட்டுட்டு அப்பறமா அடிங்க.

உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். முறுக்குப் புழியற அச்சு இருக்குதுங்களா? எங்க தொழில்ல அதைத்தான் இமேஜுன்னு சொல்றது. அந்த அச்சுல இருந்து புழிஞ்சு எடுக்கற முறுக்குதான் கன்டெய்னர். அச்சு ஒண்ணு இருந்தா எத்தனை முறுக்கு வேணும்னாலும் புழிஞ்சுக்கலாம், ஒண்ணு ஒடைஞ்சா இன்னொண்ணு. இந்த அச்சையெல்லாம் வெக்கறதுக்கு சர்வருக்குள்ள ஒரு குடோன் உண்டு. இத்தனை வருசமா ஒரு மாதிரி அடுக்கி வெச்சிருந்தாங்க. இப்ப அதை விட நல்லா, புது மாதிரி அடுக்கற குடோன் வந்திருக்குது. குடோனைப் பாத்துக்கற சாஃப்ட்வேரைப் புதுசா மாத்தினா புது குடோனுக்குப் போயிடலாம். உலகமே போயிட்டிருக்குது. நாம மட்டும் பழைய குடோன்ல உக்காந்திருக்க முடியுங்களா?

எங்க எம்.டி. நல்ல நேரம் பாக்காம ஃபேன் சுவிட்சுகூடப் போடமாட்டாரு. "ஏம்ப்பா மௌலி, ஆடி மாசத்துல எவனாச்சும் குடி போவானா?"ன்னாரு. "சார், ஆடியிலதான் கல்யாணமே கெடையாது. மண்டபத்துக்காரங்க ஒருத்தரும் கம்ப்யூட்டரைத் தொடமாட்டாங்க. இதை விட்டா வேற மாசம் இல்லை"ன்னேன். யோசிச்சாரு. சர்வர் அடியில எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கீட்டு, சாம்பிராணி காட்டி, சரின்னுட்டாரு. சாம்பிராணிப் புகைக்கு அலாரம் அடிச்சுது. அதையே நல்ல சகுனம்னு எடுத்துட்டோம்.

மாத்தினேன். சர்வர் எந்திரிச்சுது. குடோனைத் தொறந்து காட்டுன்னு கேட்டேன். ஒரு அச்சுகூட இல்லைங்க! தொடைச்சு வெச்ச மாதிரி இருக்குது. ஆனா நான் அசரலை. அச்சுதானே, எங்க கம்பெனிக் கணக்குல நெட்டுல ஒரு படி எப்பவும் இருக்கும், எறக்கி மறுபடியும் வெச்சேன். முறுக்குப் புழிஞ்சேன். சாஃப்ட்வேர் தொறந்துது.

யப்பா, என்ன வேகமுங்க அது! முன்னெல்லாம் மண்டபத்துக் காலண்டரைத் தொறந்தா ஒரு காபி குடிச்சுட்டு வரலாம். இப்பத் தொட்டதும் வருது. எம்.டி. கையைத் தட்டினாரு. ஆபீஸ்ல எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கிக் குடுத்தாரு. காலண்டர் முழுக்கப் பச்சைப் பசேல்னு காலி. ஆடி மாசமுங்க, காலியாத்தானே இருக்கோணும்? அதனால யாருக்கும் ஒண்ணும் தோணலை. ஒண்ணு ரெண்டு மண்டபத்துக்காரங்க மட்டும் போன் பண்ணி, "ஆவணியும் காலியாக் காட்டுதே"ன்னாங்க. "ஆடி முடியட்டுமுங்க, அப்பறந்தானே சனம் ஆவணிக்கே எந்திரிக்கும்"னேன். அவிய சரின்னுட்டாங்க.

ஆமாங்க, அதையும் சொல்லீடறேன். புக்கிங் எல்லாம் எங்க இருந்துதுன்னா, அந்த முறுக்குக்குள்ளயே இருந்துது. அதாவது கன்டெய்னருக்குள்ள. வெளியில தனியா வெக்கோணும்னு படிச்சவங்க எல்லாரும் சொல்லுவாங்க. நான் யோசிச்சேன், வெளியில வெச்சா எவனாச்சும் தெரியாம அழிச்சுடுவான், உள்ளயே இருந்தா பத்திரமா இருக்கும்னு. பத்திரமாத்தானுங்க இருந்திருக்குது. இன்னமும் இருக்குது. பழைய குடோன்ல, பூட்டுன கதவுக்குப் பின்னால. புது குடோனுக்குப் போனா பழசு அழியாது, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்னு அந்தக் குடோன் சாஃப்ட்வேர்க்காரங்க தெளிவா எழுதியிருக்காங்க. நான் அந்தப் பக்கத்தைப் படிக்காம இல்லை. பக்கம் ரொம்ப நீளமுங்க. அது பாதிக்குக் கீழ இருக்குது, இன்னிக்குத்தான் அங்க வரைக்கும் எறங்கினேன்.

தாரணிகிட்ட அன்னிக்கே சந்தோசமா போன்ல சொன்னேன். அவ பவானியில பேங்க்ல வேலை செய்யறா. எதைச் சொன்னாலும் நல்லா இருக்குன்னு சொல்லமாட்டா, கேள்விதான் கேப்பா. "டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா?"ன்னா. "நேரா லைவ்லயே போட்டுட்டேன்"னேன். "டிஸ்க்குல இடம் எவ்வளவு இருக்கு?"ன்னா. "அதுதான் தாரணி வேடிக்கை, எல்லாம் காலியாயிடுச்சு, டிஸ்க் மட்டும் ரொம்பிக் கெடக்குது"ன்னேன். "இடத்தை அடைச்சுட்டிருக்குன்னா உள்ள ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்?"ன்னா. நான் சிரிச்சேன். பேங்க்குல இருக்கறவங்களுக்கு இதெல்லாம் புரியாதுன்னு விட்டுட்டேன்.

அப்பறந்தான் அவ சொன்னா, "அப்பா நம்ம கல்யாணத்துக்குப் பொன்னாத்தாள் மஹாலைப் பேசீட்டாரு, ஆவணி மொத முகூர்த்தம்"னு. நான் பெருமையா, "இரு, நம்ம சாஃப்ட்வேர்லயே பாக்கறேன்"னு தொறந்தேன். பாத்தா, பச்சை! காலி! என்ற மாமனார் பேரே இல்லை. நானே பாத்துக்கற சாஃப்ட்வேருங்க, அது பொய் சொல்லுமா? "தாரணி, உங்கப்பா பேசவே இல்லை. சும்மா சொல்றாரு"ன்னேன். அவ "தேங்கா பழத் தட்டோட போனாருங்க, நானுந்தான் கூடப் போனேன்"ன்னா. "நீ போயிருக்கலாம் தாரணி, ஆனா ஸ்கிரீன்ல இல்லையே"ன்னேன்.

அவங்கப்பா போனை வாங்கி, "மாப்பிள்ளை, நான் பொய்யா சொல்றேன்?"னு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. நான் பணிவாத்தானுங்க சொன்னேன், "நீங்க பொய் சொல்றீங்கன்னு சொல்லலைங்க மாமா, கம்ப்யூட்டர்தான் சொல்லுது"ன்னேன். அன்னிக்கு வெச்ச போன்தானுங்க. இன்னி வரைக்கும் எங்கூட அந்த மனுசன் பேசலை. பத்திரிகை குடுக்க வந்தப்பகூட என்ற அம்மாகிட்டக் குடுத்துட்டு, என்னைச் செவுத்தைப் பாக்கற மாதிரி பாத்துட்டுப் போனாரு.

அந்த வாரத்துல ஒரு நாள் காலண்டரைப் பாத்தேன். பச்சை போயி செவப்பு ஆகியிருக்குது. லோகநாதன், அந்தியூர். நீங்கதான்! கடையில உக்காந்துட்டே செல்லுல புக் பண்ணியிருக்கீங்க. உடனே தாரணிக்குப் போன் போட்டேன். "பாத்தியா, வேற யாரோ பிடிச்சுட்டாங்க. உங்கப்பா பேசியிருந்தா எப்படி இவருக்குக் கெடைச்சிருக்கும்?"னேன். அவ, "நீங்க ஒருக்கா நேர்ல மண்டபத்துக்குப் போயி குப்பண்ணனைக் கேட்டுட்டு வாங்க"ன்னா. ஈரோட்டுல இருந்து பெருந்துறை ரோடு வர எத்தனை நேரமுங்க? ஆனா எதுக்குப் போகோணும்? அதான் ஸ்கிரீன்ல தெரியுதே.

இருங்க, போன். எம்.டி.தான், எடுக்கலை நானு. காலையில இருந்து கூப்பிட்டுட்டே இருக்காரு. இன்னிக்கு ஆவணி மொத முகூர்த்த நாளில்லைங்களா, இந்த ஒரு மண்டபத்துல மட்டுமா இப்படி இருக்கும்? கோபியில ஒரு மண்டபத்துல கல்யாணமும் காது குத்தும் ஒரே மேடையில, கெடாய் வெட்டறதா வேண்டாமான்னு சண்டையாம். சத்தியமங்கலத்துல மூணு கல்யாணம், மூணுக்கும் ஒரே சமையல்காரராம். அந்தாளு மட்டும் சந்தோசமா இருக்காருன்னு மெசேஜ் வந்துது.

இப்ப நான் உங்ககிட்ட எதுக்கு இதையெல்லாம் சொல்றேன்னா, லேப்டாப் எங்கிட்ட இருக்குது. இதா, தலகாணிக்கு அடியில. நான் எங்க போனாலும் தூக்கீட்டுத்தான் போவேன். நல்ல வேளை, கட்டில்கிட்ட புதுசா ஒரு பிளக் பாயிண்ட் போட்டிருக்காங்க. எந்த மண்டபத்துலயும் மாப்பிள்ளை ரூமுல இந்த வசதி பாத்ததில்லைங்க, செவுத்துல சிமெண்டுகூட இன்னும் காயலை. சார்ஜ் ஏறிட்டிருக்குது.

செட்டிங்ல ஒரே ஒரு வரிங்க. அந்த ஒரு வரியை மாத்தி, சர்வரைத் தூங்க வெச்சு எழுப்பினா, பழைய குடோன் தொறந்துக்கும். எங்க மாமனார் உண்மையிலயே பேசியிருந்தா அவரு பேரு அங்க இருக்கும். ஆனா அப்பப் புது குடோன் பூட்டிக்கும், உங்க பேரு காணாமப் போயிடும். ரெண்டையும் ஒட்டுக்காக் காட்டாது. மாத்தாம விட்டா, குப்பண்ணன் கேக்கறப்ப நீங்கதான் மொதல். நீங்க மேடை ஏறுவீங்க, நான் சொன்னது சரின்னு ஆயிடும், தாரணி வேன் ஏறீடுவா. மாத்தினா எனக்குக் கல்யாணம் ஆகும், ஆனா... ஆனா நான் சொன்னது தப்புன்னு ஆயிடுமேங்க. இத்தனை சனத்துக்கு முன்னால! நீங்களே சொல்லுங்க, என்ன பண்றது?

லேப்டாப்பைத் தொறந்துக்கறேன், யோசிச்சுட்டே சொல்லுங்க. சரி, உங்க நெலமையில நானும் சொல்லமாட்டேன்தான்.

மாத்தறேனுங்க. தாரணி வேணும் எனக்கு. அந்தப் புள்ளை வேன் ஏறிப் போறதை இந்த ஜன்னல்ல நின்னு என்னால பாக்க முடியாது. நீங்க வருத்தப்படாதீங்க, உங்களுக்கு ஆவணியில வேற முகூர்த்தம் நானே பாத்து... சரி, அதை வேண்டாம், நீங்க வேற சாஃப்ட்வேர்ல பாருங்க. இதா, வரியை மாத்தீட்டேன். சர்வரை நிறுத்தீட்டேன். எழுப்பறேன். சித்த நேரம் ஆகும். மேளம் அடிக்கறாங்க பாருங்க, நாதஸ்வரக்காரரு சும்மா ஒத்திகை பாக்கறாரு போல. பழைய குடோனுங்க, மெதுவாத்தான் எந்திரிக்கும். இதோ வருது... அச்செல்லாம் வந்துருச்சு! ஒண்ணுகூடத் தொலையலை! காலண்டரைத் தொறக்கறேன். ஆவணி முழுக்கச் செவப்பா இருக்குதுங்க. ஒரு நாள்கூடக் காலி இல்லை.

பொன்னாத்தாள் மஹால். மொத முகூர்த்தம். பதிவு, ஆனி மாசம். பொண்ணு வீடு, சின்னுசாமி, குருப்பநாயக்கன்பாளையம். எங்க மாமனாருங்க. பேசியிருக்காரு. நெசமாலுமே வந்து பேசியிருக்காரு. கீழ குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கும், யாரும் எழுதறதில்லை. இதுல குப்பண்ணன் எழுதியிருக்காரு. இருங்க, படிக்கறேன். "மாப்பிள்ளை ரூமுல கட்டில் பக்கத்துல ஒரு பிளக் பாயிண்ட் புதுசாப் போடவும். மாப்பிள்ளை கம்ப்யூட்டர்காரர், எந்நேரமும் லேப்டாப் வெச்சிருப்பார். பொண்ணோட அப்பா கண்டிப்பாச் சொல்லியிருக்கார்."

பாத்தீங்களா லோகநாதன். இந்த பிளக்குங்க. நான் சார்ஜ் போட்டுட்டிருக்கற இந்த பிளக். நான் அந்த மனுசனை... லோகநாதன்? ஏனுங்க?

எங்க போனாப்ல? மாலையும் இல்லை. கதவு தொறந்து கெடக்குது.

தாரணி? நீ எப்ப வந்தே?

நான் லேப்டாப்பைத் தொறந்தப்பவே வந்து தாழை எடுத்துட்டியா? அவரு எப்பப் போனாரு? ...தாலியே கட்டீட்டாரா! அப்ப அந்த மேளம்... நான் ஒத்திகைன்னு நெனச்சேன். என்னைக் கூப்பிட்டுட்டுத்தான் போனாரா? கேக்கலையே எனக்கு. அப்ப கம்ப்யூட்டர்ல மொதல்ல யாருன்னு குப்பண்ணன்... யாருமே கேக்கலையா? நீயும் அவரு கட்டின பொண்ணும் காபி குடிச்சுட்டே பேசி முடிச்சீங்களா? ஒரே மேடை, மொதல்ல அவிய, அப்பறம் நாம. அவ்வளவுதானா? உங்கம்மாவும் அவரு சித்தப்பாவும் நேத்தே சம்பந்தி ஆயிட்டாங்களே, அதனால யாரும் சண்டை போடலையா. நான் இங்க உக்காந்துட்டு சர்வரையே தூங்க வெச்சு எழுப்பீட்டிருக்கேன்.

மாமா? இன்னும் தூண்கிட்டயேதான் நிக்கறாரா? முகூர்த்தம் இன்னும் எவ்வளவு நேரம் இருக்குது? ...சரி, சரி, எந்திரிச்சுட்டேன். லேப்டாப்பை எடுத்துக்கறேன், அவருக்குக் காட்டோணுமில்லை. வேண்டாமா? மூடாதே தாரணி, மூடினா... சரி, மூடு.

சொல்றேன். சொல்லத்தான் போறேன். அவரைத் தனியாக் கூட்டீட்டுப் போயி... மைக்லயா? எல்லாருக்கும் கேக்கற மாதிரியா? நீயும் உங்கப்பா மாதிரியே இருக்கே. குடுங்கண்ணா, அந்த மைக்கைக் கொஞ்சம் குடுங்க. இரு தாரணி, டெஸ்ட் பண்ணிக்கறேன். ஏன் சிரிக்கறே, இப்பவாச்சும் பண்றேனே.

ஹலோ. ஹலோ. கேக்குதுங்களா? பின்னால பந்தியில இருக்கறவங்களுக்கும் கேக்குதுங்களா? மாமா, வணக்கமுங்க. இந்த மண்டபத்தை நீங்கதான் மொதல்ல பேசியிருந்தீங்க. ஆனி மாசம், தேங்கா பழத் தட்டோட. என்ற ஸ்கிரீன்ல அது தெரியலைங்க... இல்லைங்க மாமா, ஸ்கிரீனை விடுங்க. எனக்குத்தான் தெரியலை. பிளக்கு நல்லா வேலை செய்யுதுங்க மாமா.